நேப்பிள்ஸின் இருவர் மண்டலின் இசை: மறதியின் சமூகவியல் பற்றிச் சில அவதானிப்புக்கள்

18ஆம் நூற்றாண்டு இத்தாலி என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் முதலில் எழும் பெயர் வீரமாமுனிவருடையது. 1680இல் வட இத்தாலியிற் பிறந்த அவர் தேம்பாவணியையும் சதுரகராதியையும் தந்து தமிழ் இலக்கிய வரலாற்றில் நிலையான இடம் பெற்றவர். அவருக்கு இரண்டு ஆண்டுகள் மூத்தவர் வெனிஸ் நகரத்து அந்தோனியோ விவால்டி. இரண்டு மண்டலின்களையும் தந்திவாத்தியக் குழுவையும் கொண்டு விவால்டி ஆக்கிய படைப்பு இன்று உலகெங்கும் கேட்கப்படுகின்றது. ஆனால் அவருக்குப் பின்வந்த தலைமுறையினர் நேப்பிள்ஸ் நகரில், குழுவேதுமின்றி, இரண்டே இரண்டு மண்டலின்களுக்கென எழுதிய படைப்புக்களோ இசைவாணரிடையேகூட அதிகம் அறியப்படாதவை. எமானுவேலே பார்பெல்லா, கார்லோ செச்செரே, ஜொவன்னி பத்திஸ்தா ஜெர்வாசியோ, கபிரியேலே லியோனே முதலியோரின் பெயர்கள் சிறப்புத்துறை ஆய்வாளருக்கு அப்பால் அரிதாகவே வழங்குகின்றன.

ஒரு கலைப்படைப்பு மறக்கப்படுவது அதன் தரக்குறைவினாலா, அன்றி அதனைத் தாங்கிநின்ற சமூக உறவுகள் கலைந்துபோனமையாலா என்பதே இக்கட்டுரையின் வினாவாகும். இவ்வினாவைக் கண்டியிலிருந்து எழுப்புவதற்குக் காரணம் உண்டு. மண்டலின் நமக்கு அந்நியமான வாத்தியமன்று. இலங்கையின் கல்யாண வீடுகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் பைலாப் பாடல்களோடு அது பலகாலம் ஒலித்து வந்துள்ளது. அக்காரணத்தினாலேயே அது 'இழிந்த' வாத்தியமாகவும் கருதப்பட்டு வந்துள்ளது. இவ்விரு நிலைமைகளையும் ஒருசேர நோக்கும்போது இசையின் உயர்வு தாழ்வு பற்றி நாம் கொண்டுள்ள எண்ணங்கள் சிலவற்றை மறுபரிசீலனை செய்தல் அவசியமாகின்றது.

1. வாத்தியமும் பட்டறையும்

மண்டலின் என்னும் பெயரால் வழங்கிய சிறு தந்திவாத்தியங்கள் இத்தாலியின் பல பகுதிகளில் பல வடிவங்களில் இருந்தன. இன்று நாம் அறியும் வடிவத்துக்கு அடிப்படையானது 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நேப்பிள்ஸில் உருப்பெற்ற வகையாகும். வினாச்சா குடும்பத்தினர் அதன் புகழ்பெற்ற கைவினைஞர். மெல்லிய மரச்சீவல்களை ஒன்றோடொன்று ஒட்டி அமைக்கப்பட்ட, பிளந்த பேரிக்காய் போன்ற குடம், எட்டுத் தந்திகள், அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு இணைகள். இந்நான்கு இணைகளும் வயலினின் நான்கு தந்திகளுக்கு உரிய அதே சுரங்களிற் சேர்க்கப்பட்டன. ஒவ்வோர் இணைக்கும் அடுத்ததற்கும் இடையேயுள்ள உறவு நமது முறையிற் கூறின் ஸட்ஜ - பஞ்சம உறவாகும். அக்காலத்தில் மேல்தந்திகள் பெரும்பாலும் குடல் நரம்பினால் ஆனவை. ஏனையவற்றுக்கு உலோகமும் பயன்பட்டது. பறவையிறகின் தண்டைச் சீவி அதனால் மீட்டினர்.

வயலினோடு சுரச்சேர்க்கை ஒத்திருந்தமை வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று. வயலின் கற்ற எவரும் இடது கைவிரல்களை மாற்றாமலே மண்டலினுக்கு வரலாம். பார்பெல்லா அடிப்படையில் வயலின் கலைஞரே. 1768இல் பாரிஸில் லியோனே வெளியிட்ட பயிற்சிநூலும் வயலினிலிருந்து மண்டலினுக்குச் செல்லும் வழியைக் கூறுவதாகவே தன்னை அறிமுகப்படுத்திக் கொண்டது. இலண்டனில் வெளியான ஜெர்வாசியோவின் தொகுப்பொன்று, அதிலுள்ளவற்றை மண்டலினில் மட்டுமன்றி வயலினிலும் புல்லாங்குழலிலும் வாசிக்கலாம் எனத் தலைப்பிலேயே அறிவித்தது. அச்சிட்ட இசை பண்டமாகிவிட்டதன் அடையாளம் இது. எத்தனை வாத்தியக்காரர் வாங்குவரோ அத்தனை வாத்தியங்களின் பெயர்களும் அட்டையில் இடம்பெற்றன.

2. காப்பகமும் இராஜகாரியமும்

இவ்வளவு இசைவாணர் ஒரே நகரத்தில் எவ்வாறு தோன்றினர்? மேதைமையைக் காரணமாகக் கூறும் மரபுவழி விளக்கம் எதனையும் விளக்குவதில்லை. நேப்பிள்ஸில் நான்கு அநாதைக் காப்பகங்கள் இருந்தன. தாய்தந்தையற்ற சிறுவரும் வறிய சிறுவரும் அங்கு சேர்க்கப்பட்டனர். தொடக்கத்திற் பல கைத்தொழில்கள் கற்பிக்கப்பட்ட அந்நிலையங்களிற் காலப்போக்கில் இசையே முதன்மைத் தொழிலாயிற்று. ஊர்வலங்களுக்கும் மரணச் சடங்குகளுக்கும் சிறுவர் குழுக்கள் கூலிக்கு அனுப்பப்பட்டன. கிடைத்த பணம் காப்பகத்தை நடத்த உதவிற்று. இன்று உலகெங்கும் இசைக்கல்லூரியைக் குறிக்க வழங்கும் 'கன்சர்வட்டரி' என்ற சொல் இக்காப்பகங்களின் பெயரிலிருந்தே பிறந்தது. பாதுகாக்கும் இடம் என்பதே அதன் மூலப்பொருள். விவால்டி பணிபுரிந்த வெனிஸ் நிறுவனமும் கைவிடப்பட்ட பெண்குழந்தைகளின் காப்பகமே. ஐரோப்பியப் பூர்ஷ்வா வர்க்கம் பின்னர் தனது பண்பாட்டின் உச்சமெனப் போற்றிய இசை, வறியவரின் பிள்ளைகள் பசிக்கு ஈடாகக் கற்ற தொழிலின்மேல் எழுந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதே காலத்துக் கண்டியை நோக்குவோம். 1739இல் நரேந்திரசிங்கன் மறைந்தபின் மதுரை நாயக்கர் வழியினர் கண்டி அரசுரிமை எய்தினர். அரசவையில் 'கவிகார மடுவ' எனப்பட்ட பாடகர் குழு அரசரின் புகழ் பாடிற்று. அக்குழுவின் பாடல்களிலே தென்னிந்திய இசையின் செல்வாக்கு இருந்ததைச் சிங்கள இசை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். தலதா மாளிகையிலும் தேவாலயங்களிலும் தவுலும் தம்மட்டமும் ஒரணைவும் நாள்தோறும் முழங்கின. இவற்றை முழக்கியோர் ஊதியம் பெற்றவரல்லர். நிலத்தைப் பயிரிட்டு அனுபவிக்கும் உரிமைக்கு ஈடாகச் சாதிவழிக் கடமையாக அவ்வூழியத்தை ஆற்றினர். அதுவே இராஜகாரிய முறையின் ஓர் அங்கம். பிரித்தானியர் 1830களின் தொடக்கத்தில் இராஜகாரியத்தை ஒழித்தபோதும் கோயில் நிலங்களோடு பிணைந்த ஊழியம் தொடர்ந்தது. 1870இல் இயற்றப்பட்ட சட்டம் அவ்வூழியத்தைப் பணமாகச் செலுத்தித் தீர்க்க வழிசெய்தது.

ஆக, ஒரே நூற்றாண்டில் நேப்பிள்ஸிலும் கண்டியிலும் இசைவாணர் தாழ்நிலை மக்களிடையிலிருந்தே வந்தனர். வேறுபாடு யாதெனில், கண்டியின் மேளகாரர் நிலத்தோடு கட்டப்பட்டிருந்தார். நேப்பிள்ஸின் வாத்தியகாரர் தம் திறமையைச் சுமந்துகொண்டு எந்த நகரத்துக்கும் போகலாம். போகவேண்டியும் இருந்தது. காப்பகங்கள் உருவாக்கிய அளவுக்கு நேப்பிள்ஸில் வேலை இருக்கவில்லை. ஜெர்வாசியோவும் லியோனேயும் பாரிஸுக்கும் இலண்டனுக்கும் சென்றது உழைப்புச் சந்தையைத் தேடியே. முன்னது நிலமானிய உறவு. பின்னது தோன்றிக்கொண்டிருந்த முதலாளித்துவ உறவு. இருவரிற் சுதந்திரமானவர் யார் என்பது எளிதில் விடையிறுக்கக்கூடிய வினாவன்று.

3. இரும்பும் சுரக்குறிப்பும்

இத்தகைய படைப்புக்களை வாங்கியோர் யாவர்? பாரிஸில் 1760களிலும் 1770களிலும் உயர்குடிப் பெண்களிடையே மண்டலின் கற்பது நாகரிகமாயிற்று. இத்தாலியிலிருந்து வந்த ஆசிரியர்கள் காலையில் மாளிகைகளிற் கற்பித்தனர். கற்பிப்பதற்கென எழுதியவற்றை அச்சிட்டு விற்றனர். ஆசிரியர் ஒரு மண்டலினையும் மாணவி மற்றையதையும் வாசிப்பதற்கு ஏற்ற இருவர் இசைக்கு இயல்பாகவே தேவை இருந்தது. 1789இன் பிரெஞ்சுப் புரட்சியோடு அவ்வர்க்கத்தின் வாழ்க்கைமுறையே சிதறியது. மாளிகைகளோடு மாணவியரும், மாணவியரோடு ஆசிரியரும், அவரோடு அச்சிட்ட ஏடுகளும் மறைந்தன. புரட்சி இவ்விசையைத் தடைசெய்யவில்லை. இதற்கான தேவையை இல்லாமற் செய்தது.

கையெழுத்துப் பிரதிகளின் கதை இன்னும் சுவாரசியமானது. சுவீடனில், உப்சாலா நகருக்கு வடக்கே, கிமோ என்னும் இடத்தில் இரும்பாலை ஒன்று இருந்தது. அதன் உரிமையாளரின் மகன் ஜான் லெஃபெபூர் தன் ஆசிரியர் பெங்க்ட் ஃபெர்னெரோடு ஐரோப்பியச் சுற்றுப்பயணம் மேற்கொண்டான். செல்வர் வீட்டு இளைஞருக்கு அக்காலத்தில் அது கல்வியின் நிறைவாகக் கருதப்பட்டது. 1762இல் இத்தாலியில் அவன் கையெழுத்துப் பிரதிகளாக இசைப்படைப்புக்களை வாங்கிக் குவித்தான். ஏறத்தாழ 360 படைப்புக்களைக் கொண்ட அத்தொகுதி 'கிமோ தொகுதி' எனப் பெயர்பெற்று இன்று உப்சாலாப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. மண்டலினுக்கானவை அதில் ஒரு சிறு பகுதியே. எனினும் பார்பெல்லா, செச்செரே, ஜெர்வாசியோ ஆகியோரின் படைப்புக்களை நாம் அறிவதற்கு அச்சிறுபகுதி பெரிதும் காரணமாயிற்று.

இங்கு ஒன்றை அவதானித்தல் வேண்டும். நேப்பிள்ஸ் தன் இசையைப் பேணவில்லை. சுவீடனின் உலைக்களத் தொழிலாளர் ஈட்டிக்கொடுத்த இலாபம் அதனைத் தற்செயலாகப் பேணிற்று. சுவீடன் இரும்பு இங்கிலாந்தின் உருக்குத் தொழிலுக்கு மூலப்பொருளாய் அமைந்த காலம் அது. அவ்விளைஞன் இத்தாலியில் ஏடுகளை வாங்கிய அதே 1762இல், சென்னையிலிருந்து ஆங்கிலேயக் கம்பனியின் தூதராக ஜோன் பைபஸ் கண்டிக்கு வந்து கீர்த்திஸ்ரீ இராஜசிங்கனைச் சந்தித்தார். ஒல்லாந்தருடன் போர் நடந்துகொண்டிருந்த சூழலில் நிகழ்ந்த சந்திப்பு அது. உலகு ஒரே சந்தையாக இணைந்துகொண்டிருந்த ஒரு தருணத்தின் இரு முனைகளாக இவ்விரு நிகழ்ச்சிகளையும் கொள்ளலாம்.

ஒரு நூலகத்தின் அலமாரியில் உறங்கிய அவ்வேடுகள் 20ஆம் நூற்றாண்டிலே பழைய இசையை அதன் காலத்து முறையில் வாசிக்கும் இயக்கத்தினரால் மீளக் கண்டெடுக்கப்பட்டன. இன்று அவற்றின் படப்பிரதிகள் இணையத்தில் எவருக்கும் கிடைக்கின்றன. செல்வரின் பிள்ளைகள் பணங்கொடுத்துப் பெற்றதை இன்று கண்டியில் ஓர் ஆசிரியர் இலவசமாகப் பெறலாம். உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி தனியுடைமையின் வேலியைத் தாண்டிச் செல்வதற்கு இது ஒரு சிறு எடுத்துக்காட்டு.

4. இரு குரல்களின் இயல்பு

இனி இப்படைப்புக்களின் உள்ளமைப்பை நோக்குவோம். அவை பெரும்பாலும் மூன்று பகுதிகளைக் கொண்டவை. விரைவு, நிதானம், மீண்டும் விரைவு என்பது பொதுவான ஒழுங்கு. ஒவ்வொரு பகுதியும் இரண்டு பாதிகளாகப் பிரிந்து ஒவ்வொரு பாதியும் இருமுறை வாசிக்கப்படும். நீளமற்றவை, பெரும் வித்துவத்தை வேண்டி நில்லாதவை.

நமது இசையில் இருவர் சேர்ந்து பாடுவது புதிதன்று. சகோதரர் இருவர் கச்சேரி செய்யும்போது இருவரும் ஒரே இசைக்கோட்டைப் பாடுகின்றனர். நிரவலிலும் கற்பனாசுரத்திலும் மாறிமாறிப் பாடினும், ஒருவர் பாடும்போது மற்றவர் காத்திருக்கிறார். நேப்பிள்ஸ் முறையில் இருவரும் ஒரே நேரத்தில் வேறுவேறு சுரங்களை வாசிக்கின்றனர். முதல் மண்டலின் ஓர் இசைக்கோட்டில் ஏறிச் செல்கையில் இரண்டாவது அதற்குக் கீழே, ஸட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் இடைப்பட்ட தொலைவில், நிழல்போல் உடன்செல்லும். சில இடங்களில் முதலாவது கூறியதை இரண்டாவது சற்றுத் தாமதித்துத் திருப்பிக் கூறும். வேறு சில இடங்களில் இரண்டாவது ஒத்திசைச் சுரங்களைச் சிதறவிட்டு அடித்தளமாய் நிற்கும். சில அடிகள் கழித்து இப்பாத்திரங்கள் இடம்மாறும். தாழ நின்றது மேலெழும். மேலே நின்றது அடித்தளமாகும்.

இப்படைப்புக்கள் சிலவற்றை நான் கண்டியில், கட்டுகஸ்தோட்டைப் பகுதியில் வாழும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரோடு சேர்ந்து வாசித்திருக்கிறேன். இளமையிற் பைலாக் குழுக்களில் மண்டலின் வாசித்த சிங்களவர் அவர். ஐந்துகோட்டுச் சுரக்குறிப்பை வாசிக்கத் தெரியாதவர். கேட்டதை உடனே வாசிக்க வல்லவர். முதல்நாளிலே அவர் கேட்ட கேள்வி, இதில் யார் பாடகர், யார் பக்கவாத்தியம் என்பது. அதற்கு விடை தேடியபோதுதான் இவ்விசையின் அடிப்படை எனக்கு விளங்கிற்று. பக்கவாத்தியம் என்ற பதவியே இதில் இல்லை. அல்லது அப்பதவி இருவருக்கும் முறைவைத்து வருகின்றது.

வாசிப்பிலே நாங்கள் கண்டவை சில. பைலா மண்டலினில் நீண்ட சுரம் வருமிடமெல்லாம் தந்தியை மேலும் கீழும் விரைந்து மீட்டி அதனை நீட்டுவது வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்முறையே மண்டலினின் அடையாளமாயிற்று. 18ஆம் நூற்றாண்டிலோ அது அளவோடு கையாளப்பட்ட அணி. நாங்கள் தொடக்கத்தில் எல்லாச் சுரங்களையும் நீட்டி வாசித்தோம்; இரண்டு குரல்களும் ஒன்றையொன்று மூடின. பின்னர் ஒரே மீட்டில் விட்டுவிட்டு வாசித்தோம். சுரம் மெலிந்து மறையும் இடத்தில் மற்றவரின் சுரம் தெளிவாகக் கேட்டது. குறை எனக் கருதப்படும் மண்டலினின் குறுகிய ஒலியே இப்படைப்புக்களின் அமைப்புக்கு ஆதாரம் என்பது அப்போது புலனாயிற்று.

இரண்டாவது, ஏட்டிலுள்ள குறிப்புக்கள் மிகக் குறைவு. எங்கு உரக்க, எங்கு மெல்ல என்பன பெரும்பாலும் எழுதப்படவில்லை. பாதிகளை மீள வாசிக்கும்போது அணிகளைச் சேர்த்து வேறுபடுத்துவதை அக்காலத்தோர் வாசிப்பவரின் பொறுப்பில் விட்டனர். சுரக்குறிப்பைக் கற்ற நான் இரண்டாம் முறையும் ஏட்டிலுள்ளதையே வாசித்தேன். ஏட்டை அறியாத நண்பரோ எவரும் சொல்லாமலே இரண்டாம் முறையிற் சிறு உருட்டல்களும் இடைச்சுரங்களும் சேர்த்தார். பரீட்சைக்கெனக் கற்ற இசையைவிட வாய்மொழி மரபில் வந்த இசையே 18ஆம் நூற்றாண்டு நடைமுறைக்கு அணுக்கமாக நின்றது. கண்டியின் மிஷன் பாடசாலைகள் வழியாகவும் இலண்டன் இசைப்பரீட்சைகள் வழியாகவும் வந்த மேற்கத்திய இசைக்கல்வி, ஐரோப்பிய இசையின் ஒரு காலகட்டத்தை மட்டுமே முழுமையாகக் காட்டி வந்துள்ளது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது, இவ்விசை கேட்போரை வேண்டுவதில்லை. வாசிக்கும் இருவரே அதன் முழுமையான சபை. பியானோ செய்பவர் மூலதனத்தைப் பெருக்கும் உழைப்பாளி எனவும், அதனை வாசிப்பவர் தம் உழைப்பை வருமானத்துக்குப் பரிமாறுபவர் மட்டுமே எனவும் மார்க்ஸ் வேறுபடுத்திக் காட்டினார். தமக்காக வாசிக்கும் இருவர் அவ்விரு வகையினுள்ளும் அடங்கார். 19ஆம் நூற்றாண்டில் அனுமதிச்சீட்டு விற்கும் இசைமண்டபம் ஐரோப்பிய இசைவாழ்வின் மையமாகியபோது, ஆயிரம்பேர் அமர்ந்த மண்டபத்துக்குப் போதிய ஒலியற்ற, வித்துவப் போட்டிக்கு இடந்தராத இவ்விசைக்கு அங்கு இடமிருக்கவில்லை. அது தோற்கவில்லை, போட்டியின் விதிகள் மாறின.

5. வாத்தியத்தின் இரண்டாவது பயணம்

படைப்புக்கள் மறைந்தன, வாத்தியம் மறையவில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வினாச்சா குடும்பத்தினர் மண்டலினை உருக்குத் தந்திகளைத் தாங்கும் வண்ணம் பலப்படுத்தினர். அந்நூற்றாண்டின் இறுதித் தசாப்தங்களிற் பெருந்தொகையான மலிவு மண்டலின்கள் செய்யப்பட்டு உலகெங்கும் ஏற்றுமதியாயின. தொழிலாளர் கழகங்களிலும் சிகையலங்கார நிலையங்களிலும் அது ஒலித்தது. மாளிகைப் பெண்களின் வாத்தியமாயிருந்தது உழைப்பாளரின் வாத்தியமாயிற்று. இலங்கையில் அது பறங்கியர் வழிவந்த கபிறிஞ்ஞா இசையிலும், 1940களில் வொலி பஸ்தியான் முதலியோர் வளர்த்த பைலாவிலும் வயலின், பஞ்சோ, றபான் ஆகியவற்றோடு இடம்பெற்றது. மட்டக்களப்புப் பறங்கியரிடையேயும் மண்டலினும் றபானும் சேர்ந்த கபிறிஞ்ஞா மரபு உண்டு. 1970களில் எழுந்த ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையின் துள்ளலிலும் இப்பைலாத் தாளத்தின் பங்கு கணிசமானது.

தென்னிந்தியாவில் நிகழ்ந்தது வேறு. ஐரோப்பிய இசை தமிழகத்துக்குக் கம்பனியின் இராணுவ வாத்தியக் குழுக்கள் வழியாக வந்தது. முத்துசுவாமி தீட்சிதர் அம்மெட்டுக்களுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்து நோட்டுசுரங்களை ஆக்கினார். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொணர்ந்தார். விதந்து கூறத்தக்க செய்தி யாதெனில், மெட்டு ஏற்கப்பட்டது, வாத்தியம் ஏற்கப்பட்டது. இரண்டாம் குரல் ஏற்கப்படவில்லை. வயலின் வாய்ப்பாட்டைப் பின்தொடரும் பக்கவாத்தியமாயிற்று. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்தின் பின் மண்டலினுக்கும் இதுவே நேர்ந்தது. 1969இல் ஆந்திரத்துப் பாலக்கொல்லுவிற் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ், இரட்டைத் தந்திகளைக் கைவிட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மண்டலினைக் கையாண்டு, கமகத்துக்கு இடந்தராது என்று கருதப்பட்ட வாத்தியத்தில் முழு இராக ஆலாபனையைச் சாத்தியமாக்கினார். மண்டலின் அறியாத அவர் குரு ருத்ரராஜு சுப்பராஜு பாடிக் காட்டவே அவர் வாசித்துக் கற்றார் என்பர். 1981இற் சென்னையிற் சிறுவனாக மேடையேறியபோது எழுந்த ஐயங்களெல்லாம் விரைவில் அடங்கின. 2014இல் 45 வயதில் அவர் மறைந்தபோது மண்டலின் கர்நாடக வாத்தியமாகிவிட்டிருந்தது. தம்பி ராஜேஷுடன் அவர் வாசித்த கச்சேரிகளும் இருவர் இசையே; எனினும் அவை இராக இசையின் ஒற்றைக்கோட்டு நெறியில் நின்றவை.

இதனைக் குறையெனக் கூறுதல் என் நோக்கமன்று. இராக இசையின் செழுமை ஒற்றைக்கோட்டின் நுண்மையிலேயே தங்கியுள்ளது. ஒரு பண்பாடு பிறிதொன்றிலிருந்து எதனை எடுக்கும், எதனை விடும் என்பது அதன் உள்ளமைப்பினாலும் அதனைத் தாங்கும் சமூகத்தினாலும் தீர்மானிக்கப்படுகின்றது என்பதே கூறவந்தது. இங்கு யாந்திரிகமான முடிவுகளுக்கு வருதல் ஆகாது. குருசீட உறவின் படிநிலையே ஒற்றைக்கோட்டு இசையைப் பிறப்பித்தது என்று கூறுபவர், அநாதைச் சிறுவரை அடித்துப் பழக்கிய நேப்பிள்ஸில் சமத்துவமான இருவர் இசை எவ்வாறு பிறந்தது என்பதற்கும் விடைகூற வேண்டும். கலை தன் காலத்துச் சமூக உறவுகளை வெறுமனே பிரதிபலிப்பதில்லை. அவ்வுறவுகள் மறுப்பவற்றையும் அது சிலவேளை உருவில் நிகழ்த்திக் காட்டுகின்றது.

ஆயினும் ஒரு வேறுபாடு நம் கவனத்துக்குரியது. மண்டலின் கர்நாடகக் கச்சேரிக்கு ஏறியபோது அது 'சாஸ்திரிய' வாத்தியமாயிற்று. பைலாவில் நின்றபோது அது 'கேளிக்கை' வாத்தியமாயிற்று. மரமும் தந்தியும் ஒன்றே. சில ஆண்டுகளுக்கு முன் கண்டியில் ஒரு கலைவிழாவின் ஏற்பாட்டாளரிடம் பார்பெல்லாவின் படைப்பொன்றை வாசிக்க இடம் கேட்டோம். மண்டலின் அவ்விழாவின் தரத்துக்கு ஏற்றதன்று என்பது விடை. அது 250 ஆண்டுகளுக்கு முந்திய ஐரோப்பியச் செவ்விசை என்று நான் விளக்கியதும் அவர்கள் இணங்க முன்வந்தனர். நண்பர் மறுத்துவிட்டார். அதே வாத்தியத்தில் தாம் நாற்பது ஆண்டுகள் வாசித்ததற்கு இல்லாத தகுதி இத்தாலியப் பெயரால் கிடைக்குமாயின் அது தமக்கு வேண்டாம் என்றார். அவ்வேளை நான் அவரோடு வாதிட்டேன். இன்று நோக்குகையில், என் விளக்கமே அவர்களின் அளவுகோலை ஏற்றுக்கொண்டு வைக்கப்பட்ட விண்ணப்பமாயிருந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிவுகள் பெறப்படும். முதலாவது, நேப்பிள்ஸின் இருவர் மண்டலின் இசை தரக்குறைவினால் மறக்கப்படவில்லை. அதனை உற்பத்தி செய்த காப்பக முறையும் அதனை நுகர்ந்த உயர்குடியும் மறைந்தன. பின்வந்த இசைமண்டபச் சந்தைக்கு அது பயன்படவில்லை. இரண்டாவது, உயர்ந்த வாத்தியம், தாழ்ந்த வாத்தியம் என்ற பகுப்பு ஒலியிலிருந்து பிறப்பதன்று. அதனை எவ்வர்க்கம் எங்கே வாசிக்கின்றது என்பதிலிருந்து பிறப்பது. இது பறைக்கும் பொருந்தும், மலையகத்துத் தப்புக்கும் பொருந்தும். மூன்றாவது, இசைப்புலன் இயற்கையாய் அமைந்து கிடப்பதன்று, இசையே மனிதரின் இசைப்புலனை உருவாக்குகின்றது என்று 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் மார்க்ஸ் சுட்டிய கருத்துக்கு இவ்விசை நல்ல சான்று. இரண்டு குரல்களை ஒருங்கே கேட்கும் செவி பழக்கத்தினால் வருவது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கண்டியில் ஒரு தமிழரும் ஒரு சிங்களவரும் இருவர் இசை வாசிப்பதை இன ஐக்கியத்தின் உருவகமாக்குவது எளிது. எங்கள் வாசிப்பைக் கேட்ட சிலர் அவ்வாறே கூறினர். நிலம், மொழி, பிரஜாவுரிமை, உயிர் ஆகியன பற்றிய கேள்விகள் மூன்றாம் சுர இடைவெளியால் தீர்வனவல்ல. நாங்கள் வாசித்தபோது அறிந்தது அதனினும் சிறியது; ஆனால் திட்டமானது. ஒருவர் தம் ஒலியை உரிய வேளையில் அடங்கவிடாவிடின் மற்றவர் இருப்பதே தெரியாது. முறைமாறும்போது மேலிருந்தவர் கீழிறங்க மறுத்தால் இசை அங்கேயே நின்றுவிடும்.

இறுதியாக ஒன்று. இன்று நேப்பிள்ஸ் நகரில் இலங்கையர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். வீட்டுவேலையும் முதியோர் பராமரிப்பும் அவர்களில் மிகப் பலரின் தொழில். 18ஆம் நூற்றாண்டில் அந்நகரம் தன் வறிய பிள்ளைகளின் திறமையைப் பாரிஸுக்கும் இலண்டனுக்கும் அனுப்பிற்று; 21ஆம் நூற்றாண்டில் நமது தீவு தன் உழைப்பை அந்நகரத்துக்கு அனுப்புகின்றது. பார்பெல்லாவையும் ஜெர்வாசியோவையும் நாம் வாசிப்பது ஐரோப்பிய உயர்பண்பாட்டை வணங்குவதற்காக அன்று. கூலிக்கு உழைத்தோர் ஆக்கியதை, அவர்களை மறந்த சந்தைக்கு வெளியே நின்று, மீண்டும் உழைப்போரின் கைகளில் ஒலிக்கச் செய்வதற்காகும். அதற்கு மண்டபமும் வேண்டியதில்லை, மேடையும் வேண்டியதில்லை. இரண்டு மண்டலின்களும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.